மூலக் கோப்பு ஏறவில்லையா? அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் நடக்கும் ஏலத்தின் கணக்கைக் கைப்பேசியில் எழுதிவைப்பதற்கான ஒரு சிறு செயலியைத் தண்டையார்பேட்டையில் இருந்தபடி நாங்கள் சிலர் பராமரித்து வருகிறோம். அதன் சொற்கள் முதலில் தமிழில்தான் எழுதப்படுகின்றன; அவை அடங்கிய கோப்பே மூலக் கோப்பு. அங்கிருந்து தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளுக்குத் தன்னார்வலர்கள் ஒரு மொழிபெயர்ப்புத் தளத்தின் வழியே மாற்றித் தருகிறார்கள். கைப்பேசிப் பகுதிக்கு ஆண்ட்ராய்டின் எக்ஸ்எம்எல் கோப்பும், கணக்குப் பார்க்கும் இணையப் பகுதிக்குக் கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவித்தொகுப்பின் பிஓடி கோப்பும், உதவிப் பக்கங்களுக்கு ஜேசான் கோப்பும் இருப்பதால், மூன்று வடிவங்களும் தரக்கூடிய தொல்லைகளில் பெரும்பாலானவற்றை நாங்கள் பட்டுவிட்டோம். ஆங்கிலத்தை மூல மொழியாகக் கொண்டவர்களுக்கு எழுதப்பட்ட உதவிக் குறிப்புகள் ஏராளமாக உள்ளன. தமிழே மூலமாக இருக்கும்போது வரும் சிக்கல்களுக்கு அவற்றில் விடை கிடைப்பதில்லை என்பதால்தான் இந்த வழிமுறையை எழுதிவைக்கிறேன்.

தொடங்குமுன் இரண்டு முன்னெச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். ஏற்றம் தோற்றதும் தளத்தில் உள்ள பழைய கோப்பை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றிப் பார்க்கலாம் என்று கை பரபரக்கும். அதை மட்டும் செய்யாதீர்கள். பல தளங்களில் மூலக் கோப்பை நீக்கினால் அதனோடு இணைந்திருந்த எல்லா மொழிபெயர்ப்புகளும் சேர்ந்தே போய்விடும். அடுத்ததாக, எதையும் மாற்றும் முன் தளத்தில் இருக்கும் மொழிபெயர்ப்புக் கோப்புகள் அனைத்தையும் பதிவிறக்கி, அன்றைய தேதியிட்ட ஒரு கோப்புறையில் வைத்துவிடுங்கள். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களில்தான் நாங்கள் மூலக் கோப்புகளில் பெரிய மாற்றங்களைச் செய்கிறோம். ஏதேனும் கெட்டுப்போனாலும் ஏலத்தில் நிற்பவர் யாரும் பாதிக்கப்படமாட்டார் என்பதே காரணம்.

அறிகுறி: தளம் கோப்பை ஏற்கவே மறுத்து, படிக்க இயலவில்லை என்கிறது

செய்தியில் வரி எண் இருந்தால் முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த எண் பிழை இருக்கும் இடத்தைக் காட்டுவதில்லை. இதற்கு மேல் படிக்க முடியாது என்று தளம் கைவிட்ட இடத்தையே காட்டுகிறது. ஆகவே குறிப்பிட்ட வரியில் குறை எதுவும் தெரியவில்லையென்றால் அதற்கு மேலே உள்ள வரியைப் பாருங்கள். மூடப்படாத மேற்கோள் குறியானால் இன்னும் பத்து வரிகள் மேலே போக வேண்டியிருக்கலாம்.

ஜேசான் கோப்பில் கடைசி உறுப்புக்குப் பின் காற்புள்ளி வரக்கூடாது. குறிப்புரை எழுதவும் இடமில்லை. ஜாவாஸ்கிரிப்ட் எழுதிப் பழகியவர்கள் இவ்விரண்டையும் அறியாமலே செய்துவிடுவார்கள். வாட்ஸாப்பிலோ வேர்டிலோ திருத்தி அனுப்பப்பட்ட வரிகளில் நேரான மேற்கோள் குறிகள் வளைந்த மேற்கோள் குறிகளாக மாறியிருக்கும்; கண்ணுக்கு அழகாக இருக்கும், ஜேசானுக்கு அது மேற்கோளே அல்ல. எக்ஸ்எம்எல் கோப்பில் '&' குறி தனியாக நின்றால் முழுக் கோப்பும் நிராகரிக்கப்படும். படகு உரிமையாளர்களின் கடைப் பெயர்களில் 'அன் கோ' என்பதற்கு இந்தக் குறியைப் போடும் வழக்கம் வடசென்னையில் நிறைய உண்டு என்பதால், எடுத்துக்காட்டுப் பெயர்களை நிரப்பியபோது நாங்கள் மாட்டிக்கொண்டது இதில்தான். யாமல் வடிவத்தைப் பயன்படுத்துவோர் உள்தள்ளலுக்குத் தாவல் விசையைத் தொடவே கூடாது. வெற்றிடங்கள் மட்டுமே அங்கே செல்லும்.

இவை எதுவும் இல்லாமல், முதல் வரி முதல் எழுத்திலேயே பிழை என்று செய்தி வந்தால், கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். பைட் வரிசைக் குறி எனப்படும் இவற்றின் மதிப்புகள் பதின்ம எண்களில் 239, 187, 191. பழைய விண்டோஸ் நோட்பேடில், எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் குறியாக்க முறையான யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால் இக்குறி தானாகச் சேர்ந்துவிடும். 2019இல் வந்த விண்டோஸ் 10இன் 1903 பதிப்பு முதல்தான் குறியில்லாத யூடிஎஃப்-8 அதன் இயல்பான தேர்வானது. இணையத்தில் பரிமாறப்படும் ஜேசானில் இக்குறியைச் சேர்க்கக் கூடாது என்று 2017இல் வெளிவந்த அதன் தரவரையறை கூறுகிறது. உங்கள் உரைத் தொகுப்பியில் குறியில்லாத யூடிஎஃப்-8 என்ற தேர்வைக் கொடுத்து மீண்டும் சேமித்தால் போதும். வேறு எதையும் தொட வேண்டாம்.

அறிகுறி: கோப்பு ஏறிவிட்டது, ஆனால் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரிகின்றன

சிதைவு எப்படித் தெரிகிறது என்பதிலேயே காரணம் இருக்கிறது. ஆகவே திரையை உற்றுப் பார்த்துவிட்டே திருத்தத்தில் இறங்க வேண்டும்.

வெறும் கட்டங்கள் தெரிந்தால் கோப்பில் குறை எதுவும் இல்லை. அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை என்பதே பொருள். எல்லா எழுத்துகளும் வினாக்குறிகளாகியிருந்தால், தரவு ஏற்கெனவே அழிந்துவிட்டது. அந்தக் கோப்பை விட்டுவிட்டு முந்தைய நகலுக்குப் போங்கள். எக்செலில் சொற்பட்டியலைத் தொகுத்து, சாதாரண சிஎஸ்வி என்று சேமிப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் நேரும். அதே பட்டியலில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று தனியாக ஒரு தேர்வு இருக்கிறது. அதைத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் எக்செல் இந்தத் தேர்வில் மேலே சொன்ன மூன்று பைட் குறியையும் சேர்த்துவிடும் என்பதால், முதல் நெடுவரிசையின் தலைப்பு மட்டும் தளத்துக்குப் புரியாமல் போகலாம். ஒரு பிழையிலிருந்து தப்பி இன்னொன்றில் விழுந்தவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள்.

மேலே சாய்கோடு போட்ட ஆங்கிலச் சிறிய 'ஏ' எழுத்தும், வட்டத்துக்குள் 'ஆர்' எழுதிய பதிவுக் குறியும் இணை இணையாகத் திரும்பத் திரும்ப வந்தால், யூடிஎஃப்-8 கோப்பை யாரோ லத்தீன் குறியாக்கமாகப் படித்திருக்கிறார்கள். ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 2944 முதல் 3071 வரையான 128 இடங்கள். யூடிஎஃப்-8இல் அவற்றில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகும். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. அந்த 224தான் சாய்கோடு போட்ட 'ஏ', 174தான் வட்டத்துக்குள் இருக்கும் 'ஆர்'. கோப்பு சிதையவில்லை, படித்த விதம்தான் தவறு என்பதால், தளத்தின் ஏற்ற அமைப்பில் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று மாற்றினால் சரியாகிவிடும்.

ஜாவாவின் பிராபர்ட்டீஸ் கோப்புகளில் இது அடிக்கடி நிகழும். அவ்வடிவம் நெடுங்காலம் லத்தீன் குறியாக்கத்தையே இயல்பாகக் கொண்டிருந்தது. 2017இல் வந்த ஜாவா 9 முதல்தான் மொழிக் கோப்புகள் யூடிஎஃப்-8 ஆகப் படிக்கப்படுகின்றன. தளத்தில் பிராபர்ட்டீஸ் வகைக்கு இரண்டு தேர்வுகள் இருந்தால் உங்கள் ஜாவாவின் பதிப்பைக் கேட்டறிந்து தேர்ந்தெடுங்கள்.

சிதைந்த நிலையிலேயே ஒருவர் கோப்பைத் திறந்து சேமித்து ஏற்றிவிட்டால் நிலைமை வேறு. சிதைந்த எழுத்துகளை மறுபடியும் பைட்டுகளாக்கி யூடிஎஃப்-8 ஆகப் படித்தால் மீட்டுவிடலாம் என்று பலர் சொல்வார்கள். தமிழுக்கு இது முழுமையாகப் பலிப்பதில்லை. புள்ளியின் மூன்றாவது பைட் 141, உகரக் குறியின் மூன்றாவது பைட் 129. விண்டோஸ்-1252 குறியாக்கத்தில் இவ்விரு இடங்களும் காலியானவை. இடையில் வந்த மென்பொருள் அவற்றைத் தூக்கி எறிந்திருந்தால், மீட்ட உரையில் மெய்யெழுத்துகளின் புள்ளிகளும் உகரங்களும் காணாமல் போயிருக்கும். 'சங்கரா' என்ற மீன் பெயர் ஓரளவு உருத்தெரியும். 'ஏலத்துக்கு வந்த கூடைகள்' உருத்தெரியாது. நகலுக்குத் திரும்புவதே குறைந்த வேலை.

இன்னொரு வகைச் சிதைவு தளத்தின் குற்றமே அல்ல. 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி என்று தெரிந்தால், அது பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்ட உரை. அந்த எழுத்துருவைப் போட்டால் மட்டுமே தமிழாகத் தெரியும். கோப்பில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. எங்கள் உதவிப் பக்கங்களின் முதல் வரைவை ஒரு டிடிபி கடையில் தட்டச்சு செய்து வாங்கியபோது இப்படித்தான் வந்து சேர்ந்தது. அச்சுத் தொழிலில் பாமினியும், அலுவலகக் கோப்புகளில் வானவில்லும், பழைய மின்னஞ்சல்களில் டிஸ்கியும் இருப்பது இயல்பு. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றித்தரும் கருவிகள் நிறைய உண்டு. மாற்றியபின் ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தே ஆக வேண்டும். குறிப்பாகக் கொம்பு, துணைக்கால் சேரும் எழுத்துகளில் மாற்றிகள் தடுமாறும்.

அறிகுறி: வெற்றி என்று செய்தி வருகிறது, ஆனால் சரங்கள் குறைவாக உள்ளன அல்லது ஒன்றுமே இல்லை

பிழைச் செய்தி வந்தால் உடனே திருத்திவிடுவோம். பச்சை நிறத்தில் வெற்றி என்று காட்டினால் யாரும் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. ஆகவே ஏற்றுமுன் கோப்பில் உள்ள சரங்களை, அதாவது தனித்தனியாக மொழிபெயர்க்கப்படும் உரைத் துண்டுகளை, எண்ணி, ஏற்றியபின் தளம் காட்டும் எண்ணோடு ஒப்பிடும் பழக்கத்தை நாங்கள் கட்டாயமாக்கியிருக்கிறோம்.

எண்ணிக்கை பூஜ்யம் என்றால் பெரும்பாலும் வடிவம் தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். மொழிபெயர்ப்புகளைப் பரிமாறுவதற்கான எக்ஸ்லிஃப் கோப்பில் இது மிகவும் மறைவானது: 1.2 பதிப்பும், 2014இல் தரமாக்கப்பட்ட 2.0 பதிப்பும் ஒரே பெயரைக் கொண்டிருந்தாலும் உள்ளமைப்பில் வேறானவை. பழையதை மட்டுமே அறிந்த தளம் புதியதைத் திறந்து, தனக்குத் தெரிந்த உறுப்பு எதையும் காணாமல், வெறுங்கோப்பு என்று முடிவு செய்துவிடக்கூடும். கட்டளை வரியிலிருந்து ஏற்றுவோர், அமைவுக் கோப்பில் உள்ள பாதை உண்மையான கோப்புறையோடு பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். விண்டோஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பொருட்படுத்தப்படுவதில்லை. லினக்ஸில் அவை இரு வேறு கோப்புகள்.

சில மட்டும் குறைந்தால் வேறு காரணங்களைத் தேடுங்கள். ஜேசானில் ஒரே திறவுச்சொல் (சரத்தின் அடையாளப் பெயர்) இரண்டு முறை வந்தால் பெரும்பாலான நிரல்கள் பின்னதை வைத்துக்கொண்டு முன்னதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஆண்ட்ராய்டு கோப்பில் மொழிபெயர்க்க வேண்டாம் என்று குறிக்கப்பட்ட சரங்கள் தளத்தில் தோன்றா, அது பிழையல்ல. கெட்டெக்ஸ்டில், நிரலிலிருந்து சரங்களைப் பிரித்தெடுக்கும் எக்ஸ்கெட்டெக்ஸ்ட் கருவிக்கு உங்கள் நிரலர் சூட்டிய சார்புப் (ஃபங்ஷன்) பெயர் தெரியாவிட்டால் அதற்குள் இருக்கும் சரங்கள் வரா. சார்பின் பெயரைத் திறவுச்சொல்லாகக் கருவிக்குக் கொடுக்க வேண்டும். பைத்தானில் மாறிகளைச் சரத்துக்குள்ளேயே நுழைத்து எழுதும் எஃப்-சரங்களையும் அக்கருவி மொழிபெயர்ப்புக்கு உரியதாக எடுத்துத் தராது.

தமிழ் மூலத்துக்கே உரிய ஒரு தடை இங்கே இருக்கிறது. எக்ஸ்கெட்டெக்ஸ்ட் தனக்குக் கிடைக்கும் நிரல், அடிப்படை ஆங்கில எழுத்துகளும் குறிகளும் மட்டுமே உள்ள ஆஸ்கி எழுத்துகளால் ஆனது என்றே எண்ணும் என்பதால், தமிழ்ச் சரத்தைக் கண்டதும் மூலக் குறியாக்கத்தைச் சொல்லும்படி கேட்டு நின்றுவிடும். கட்டளையில் மூலக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று சேர்த்தால் ஓடும். ஆனாலும் ஆஸ்கி அல்லாத மூலச் சரங்கள் மொழிபெயர்ப்போருக்குச் சிக்கல் தரக்கூடும் என்று ஓர் எச்சரிக்கை வரும். எல்லோரும் யூடிஎஃப்-8இலேயே வேலை செய்யும்வரை அதைப் பொருட்படுத்த வேண்டாம். அடுத்து, பிஓடி கோப்பின் தலைப்பகுதியைத் திறந்து, குறியாக்கத்தின் பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் நிரப்புச்சொல் நிற்கிறதா, யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்று பாருங்கள். நிரப்புச்சொல்லே நின்றால் சில தளங்கள் கோப்பை நிராகரிக்கும், சில ஏற்றுக்கொண்டு தமிழைச் சிதைக்கும். ஏற்றுமுன் எம்எஸ்ஜிஎஃப்எம்டி கருவியைச் சோதிக்கும் தேர்வோடு ஒருமுறை ஓட்டினால் இதையும், ஒரே சரம் இருமுறை வரையறுக்கப்பட்டிருப்பதையும் அதுவே சொல்லிவிடும்.

அறிகுறி: புதிய மூலக் கோப்பை ஏற்றியதும் முடிந்திருந்த மொழிபெயர்ப்புகள் மறைந்துவிட்டன

எல்லா அறிகுறிகளிலும் இதுதான் மனத்தைப் புண்படுத்துவது. தெலுங்கில் முழுமையாக முடித்துவைத்தவர் மறுநாள் வந்து பாதி வெறுமையாக இருப்பதைக் கண்டால் அவரிடம் சொல்வதற்கு நம்மிடம் எதுவும் இருக்காது. காரணத்தைப் புரிந்துகொள்ள, ஒரு சரம் பழைய சரம்தானா என்பதைத் தளம் எப்படி முடிவு செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கெட்டெக்ஸ்டில் மூல உரையே அடையாளம். ஜேசானிலும் ஆண்ட்ராய்டிலும் தனியாக ஒரு திறவுச்சொல் அடையாளமாக இருக்கிறது. முதல் வகையில் மூலத்தில் ஒரு புள்ளி மாறினாலும் தளத்துக்கு அது புதிய சரம். இரண்டாம் வகையில் திறவுச்சொல்லை யாராவது அழகுபடுத்தி மாற்றினால்தான் இழப்பு. திறவுச்சொல் மாறாமல் உரை மட்டும் மாறும்போது பழைய மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்வதா, அழிப்பதா என்று பல தளங்களில் ஒரு தேர்வு இருக்கும். எழுத்துப்பிழையைத் திருத்தியபோது வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பொருளே மாறியபோது அழிக்கச் சொல்லுங்கள்.

உரையும் மாறவில்லை, திறவுச்சொல்லும் மாறவில்லை, இரண்டு கோப்புகளையும் அருகருகே வைத்தாலும் ஒரு வேறுபாடும் தெரியவில்லை, ஆனாலும் மொழிபெயர்ப்பு போய்விட்டது என்றால், கண் பார்ப்பதும் கணினி பார்ப்பதும் வேறாகிவிட்டன. 'கொள்முதல்' என்ற சொல்லின் முதல் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ககரத்தை அடுத்து ஒகரக் குறியை 3018 என்ற ஒரே இடத்தால் எழுதலாம். அல்லது எகரக் கொம்பான 3014, துணைக்காலான 3006 என இரண்டு இடங்களால் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தளம் ஒப்பிடும்போது இரண்டும் வேறு. ஓகாரத்திலும் ஔகாரத்திலும் இதே நிலைதான். ஒருமுறை எங்கள் மூலக் கோப்பை வேறொரு கணினியில் இருந்த ஒரு சிறு நிரல் வழியே ஓட்டியபோது எல்லா ஒகரங்களும் பிரிந்துவிட்டன; 'கொள்முதல்', 'மொத்தம்', 'தொகை' என்று வரும் சரங்கள் மட்டும் மொழிபெயர்ப்பை இழந்தன. எந்தச் சரங்கள் போயின என்று பட்டியலிட்டுப் பார்த்த பிறகுதான் ஒகரம் கண்ணில் பட்டது. கணக்குச் செயலியில் ஒகரம் எத்தனை இடத்தில் வருகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதற்குத் தீர்வு, ஏற்றுமுன் கோப்பு முழுவதையும் என்எஃப்சி எனப்படும் சேர்ப்பு வடிவத்துக்கு இயல்பாக்குவது. பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் இதற்கென ஒரு சார்பு இருக்கிறது. ஆனால் அதுவும் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடாது. 'ஸ்ரீ' என்ற எழுத்தை 3000ஆம் இடத்து ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட 2998ஆம் இடத்து எழுத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம், இயல்பாக்கம் இவற்றைத் தொடாது. ஔகாரத்துக்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டுவதும் அப்படியே. இணையப் பக்கங்களிலிருந்து நகலெடுத்து ஒட்டிய வரிகளில் 160ஆம் இடத்து முறியா வெற்றிடமும், க்ஷகரத்தைப் பிரித்துக் காட்டுவதற்காக நுழைத்த 8204ஆம் இடத்து அகலமற்ற பிரிப்பானும் ஒளிந்திருக்கும். இவற்றை எந்தக் கருவியும் உங்களுக்காக முடிவு செய்யாது. திட்டத்துக்கென ஒரு வழக்கத்தை நீங்களே எழுதிவைத்து, அதன்படி தேடி மாற்ற வேண்டும். படகுப் பெயர்களில் ஸ்ரீ வராத நாளில்லை என்பதால் நாங்கள் எழுதிவைத்த முதல் விதி அதைப் பற்றியதுதான்.

மறைந்த மொழிபெயர்ப்பை மீட்பதற்கு, முதலில் பழைய மூலக் கோப்பையே மீண்டும் ஏற்றிப் பாருங்கள். தளம் பழைய சரங்களை உள்ளே வைத்திருந்தால் மொழிபெயர்ப்புகள் அவற்றோடு திரும்பும். திரும்பவில்லையென்றால் தொடக்கத்தில் பதிவிறக்கிய கோப்புகளை எடுத்து, கெட்டெக்ஸ்டானால் எம்எஸ்ஜிமெர்ஜ் கருவியால் புதிய பிஓடி கோப்போடு இணையுங்கள். நெருங்கிய சரங்களை அது ஐயத்துக்குரியவை என்ற குறியோடு பொருத்தித் தரும். தளத்தில் ஏற்றியபின் மொழிபெயர்ப்பாளர் அவற்றைச் சரிபார்த்து ஒப்புக்கொண்டால் போதும். முன்பு மொழிபெயர்த்தவற்றைச் சேமித்துவைக்கும் மொழிபெயர்ப்பு நினைவகம் தளத்தில் இயங்கிக்கொண்டிருந்தால் அதிலிருந்தும் பெருமளவு கிடைக்கும்.

அறிகுறி: கோப்பு வேறு மொழிக்குப் போய்விட்டது

தமிழின் ஈரெழுத்துக் குறி டிஏ, தெலுங்கின் குறி டிஇ. இரண்டுக்கும் இடையில் ஒரே எழுத்துதான் வேறுபாடு. இரவில் வேலை செய்பவருக்கு அது போதும். ஏற்றும் கட்டளையைக் கையால் தட்டாமல் அமைவுக் கோப்பில் எழுதிவைப்பது இதற்கான முழுத் தீர்வு. நாட்டுக் குறியையும் சேர்த்து எழுதும் கோப்புகளில் சில கருவிகள் அடிக்கோட்டையும் சில இணைப்புக்கோட்டையும் கேட்கும், ஆண்ட்ராய்டு நாட்டுக் குறிக்கு முன் 'ஆர்' எழுத்தொன்றைக் கேட்கும். தளத்தின் மொழிக்குறிப் பட்டியலைப் பார்த்து ஒத்திசைக்க வேண்டும்.

மூல மொழி ஆங்கிலம் என்றே தளம் எடுத்துக்கொண்டால் பிழை வேரிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் மொழிக்குறி இல்லாத இயல்புக் கோப்புறையில் உள்ள சரங்கள் எம்மொழியில் வேண்டுமானாலும் இருக்கலாம். அது தமிழ் என்று அமைப்புக்குத் தெரியாது, தளத்துக்கும் தெரியாது. திட்டத்தைத் தொடங்கும்போதே மூல மொழி தமிழ் என்று குறிப்பிட்டுவிடுங்கள். பின்னாளில் மாற்றுவது பல தளங்களில் எளிதல்ல.

அறிகுறி: ஏற்றம் பாதியில் நிற்கிறது, அல்லது ஓர் எண் மட்டும் வருகிறது

401 என்றால் உங்கள் அணுகல் சாவி ஏற்கப்படவில்லை. நகலெடுக்கும்போது கடைசியில் ஒரு வெற்றிடமோ வரிமுறிவோ ஒட்டிக்கொண்டதா என்று பாருங்கள். 403 என்றால் சாவி சரி, உங்களுக்கு மூலக் கோப்பை மாற்றும் உரிமை இல்லை. மொழிபெயர்ப்பாளராகச் சேர்க்கப்பட்டவருக்கு இது இயல்பு. 429 என்றால் குறுகிய நேரத்தில் மிகுதியாகக் கேட்டுவிட்டீர்கள், சற்றுப் பொறுங்கள். 413 என்றால் கோப்பு பெரிது. தாங்களே நிறுவிய தளத்தில் என்ஜின்எக்ஸ் என்ற இணையச் சேவையகம் முன்னே இருந்தால் அதன் இயல்பு வரம்பு 1 மெகாபைட் மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள். 'கொ' என்ற ஓர் எழுத்தே 6 பைட், பிரிந்த வடிவில் 9 பைட் என்பதால் தமிழ் மூலக் கோப்பு ஆங்கிலத்தைவிட விரைவில் அந்த வரம்பைத் தொடும்.

504 மட்டும் ஏமாற்றக்கூடியது. நேரம் கடந்துவிட்டது என்று உங்களுக்குச் சொல்லிவிட்டு, தளம் உள்ளே வேலையைத் தொடர்ந்துகொண்டிருக்கலாம். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டைக் குறை சொல்லி உடனே மறுபடி ஏற்றாமல், சில நிமிடம் கழித்துச் சரங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

அறிகுறி: எல்லாம் ஏறியது, மொழிபெயர்ப்பும் வந்தது, செயலியில் பொருள் கெடுகிறது

எங்கள் செயலியில் 'பார்' என்ற சொல் இரண்டு இடத்தில் வருகிறது: ஒன்று கணக்கைப் பார்ப்பதற்கான பொத்தான், மற்றொன்று மீனுக்குப் போடும் ஐஸ் பார். கெட்டெக்ஸ்டுக்கு உரையே அடையாளம் என்பதால் இரண்டும் ஒரே சரமாகித் தளத்துக்குப் போயின. தெலுங்கில் ஐஸ் கணக்கின் தலைப்பு 'காண்க' என்ற பொருளில் திரும்பி வந்தது. மொழிபெயர்த்தவர் மீது தவறே இல்லை. ஒரே உரையுள்ள சரங்களைப் பிரிக்க கெட்டெக்ஸ்டில் சூழல் குறிப்பு என்று ஒன்று உண்டு. நிரலிலேயே ஒன்றைப் பொத்தான் என்றும் மற்றொன்றைப் பொருள் என்றும் குறித்து, மீண்டும் பிஓடி எடுத்து ஏற்றினோம். கட்டு, படி, கடை, ஓடு என்று பெயராகவும் வினையாகவும் நிற்கும் சொற்கள் தமிழில் மிகுதி என்பதால், ஒற்றைச் சொல்லாக வரும் சரங்கள் அனைத்துக்கும் தொடக்கத்திலேயே சூழல் கொடுத்துவிடுவது நல்லது.

மாறிகளைக் கொண்ட சரங்களிலும் கவனம் வேண்டும். 'இந்தப் படகில் இத்தனை கூடை' என்ற தமிழ் வரிசை ஆங்கிலத்தில் தலைகீழாகும். மாறிகளுக்கு 1, 2 என்று இட எண் கொடுக்காவிட்டால் கூடை இருக்க வேண்டிய இடத்தில் படகின் பெயர் வரும்; ஆண்ட்ராய்டின் கட்டமைப்புக் கருவி இதை எச்சரித்தே விடும். பெயரையும் வேற்றுமை உருபையும் தனித்தனிச் சரங்களாக்கி ஒட்டவைக்கும் பழக்கத்தையும் மூலத்திலேயே விட்டுவிடுங்கள். உருபை மட்டும் மொழிபெயர்க்கச் சொன்னால் இந்திக்காரரால் எதுவும் செய்ய முடியாது.

செயலியில் எங்கேனும் ஓரிடத்தில் கோப்பின் தலைப்பகுதி முழுவதும், தேதியும் குறியாக்கமும் உட்பட, திரையில் கொட்டினால் பதற வேண்டாம். கெட்டெக்ஸ்டில் வெறுஞ்சரத்தின் மொழிபெயர்ப்பு என்பது தலைப்பகுதியே. நிரலில் யாரோ வெற்றுச் சரத்தை மொழிபெயர்க்கக் கேட்டிருக்கிறார்கள்.

மேலே உள்ள எந்த அறிகுறியோடும் பொருந்தாவிட்டால்

கோப்பின் நகலை எடுத்துப் பாதியாக வெட்டுங்கள். இந்த வெட்டுவேலையை உண்மையான திட்டத்தில் செய்யாமல், இதற்கெனத் திறந்த சோதனைத் திட்டத்தில் செய்யுங்கள். எந்தப் பாதி ஏறவில்லையோ அதை மறுபடி பாதியாக்குங்கள். 1000 சரங்கள் கொண்ட கோப்பிலும் 10 முறை வெட்டினால் குற்றம் செய்யும் ஒற்றைச் சரம் கையில் கிடைத்துவிடும். பெரும்பாலும் அதைக் கண்டதுமே காரணமும் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் அந்த ஒற்றைச் சரம் உள்ள சிறு கோப்பு, தேர்ந்தெடுத்த வடிவம், வந்த செய்தி, ஏற்றிய நேரம் ஆகியவற்றைத் தளத்தின் உதவிப் பிரிவுக்கு அனுப்புங்கள். கோப்பின் உள்ளடக்கத்தை அஞ்சலில் ஒட்டி அனுப்பினால் வழியில் மேற்கோள் குறிகளும் வெற்றிடங்களும் மாறி, அங்கே திறப்பவருக்குப் பிழை தெரியாமலே போகும் என்பதால், ஜிப் செய்து இணைப்பாகவே அனுப்புங்கள். அணுகல் சாவி உள்ள அமைவுக் கோப்பு அந்த ஜிப்புக்குள் போய்விடவில்லை என்பதை அனுப்புமுன் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.